டுஷார்முக்கு ஆங்கிலம் தெரியாது

என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கனடாவின் ஒன்ராறியோவில் ஏழாம் வகுப்புக்கு வந்தால், அமெரிக்காவுக்கும் அன்று கனடாவை ஆண்ட பிரிட்டனுக்கும் நடந்த 1812ஆம் ஆண்டுப் போர் வந்தே தீரும். இந்தப் பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையலறை மேசையில் பெரிய பிரிஸ்டல் அட்டையை விரித்துவைத்து லோரா சீக்கோர்ட் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு லோராவைத் தெரிந்ததே சொக்லேட் கடையால்தான். கடைத்தொகுதிகளில் அந்தப் பெயரில் ஐஸ்கிரீமும் சொக்லேட்டும் விற்கும் கடையைத் தெரியாத பிள்ளை இங்கே குறைவு. 1913இல், லோரா நடந்த நடைக்கு நூறு வருடம் ஆனபோது, ரொறன்ரோவில் கடை தொடங்கிய ஒருவர் அந்தப் பெயரை வைத்தார். அது போரோடு தொடர்புள்ள பெயர் என்பதே மகளுக்குப் புதிது. சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அப்பா, 50 பேர் எப்பிடி 500 பேரைப் பிடிச்சவை?"

புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். அமெரிக்கப் படை ஒன்று ரகசியமாகத் தாக்க வருகிறது என்று லோரா அறிகிறார். காடு, சேறு எல்லாம் தாண்டி 32 கிலோமீட்டர் நடந்துபோய் பிரிட்டிஷ் படையின் லெப்டினன்ட் ஜேம்ஸ் ஃபிட்ஸ்கிப்பனுக்குச் சொல்கிறார். ஃபிட்ஸ்கிப்பன் தன் 50 வீரர்களோடும் பழங்குடி நண்பர்களின் உதவியோடும் கிட்டத்தட்ட 500 அமெரிக்கரைச் சரணடைய வைக்கிறார். இவ்வளவுதான். மகளுக்குக் கணக்கு இடித்தது. எனக்கு "உதவியோடும்" என்ற அந்தச் சொல் இடித்தது. நான் மொழிபெயர்ப்பாளராகப் பிழைக்கிறவன். ஆஸ்பத்திரியிலும் விசாரணை அறைகளிலும் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து தமிழை ஆங்கிலமாகவும் ஆங்கிலத்தைத் தமிழாகவும் ஆக்குவது என் தொழில். ஒரு சொல் எவ்வளவை மூடி வைக்கும் என்பது கொஞ்சம் தெரியும். அன்று இரவு அவள் படுத்த பிறகு நான் வாசிக்கத் தொடங்கினேன். இரண்டு மாதமாகியும் விடமுடியவில்லை.

பீவர் டாம்ஸ்

நயாகரா நதி அன்று எல்லை. இன்றும் அதுதான் எல்லை. 1813 வைகாசி 27ஆம் தேதி அமெரிக்கர் நதியைக் கடந்து ஜார்ஜ் கோட்டையைப் பிடித்தார்கள். பிரிட்டிஷ் படை மேற்கே பின்வாங்கியது. ஆனி 6ஆம் தேதி இரவு ஸ்டோனி கிரீக்கில் நடந்த இருட்டுச் சண்டையில் அமெரிக்கத் தளபதிகள் இரண்டு பேர் பிடிபட, அமெரிக்கர் மறுபடி கோட்டைக்குள் ஒதுங்கினார்கள். கோட்டைக்கு வெளியே காடும் பண்ணைகளும். அங்கே ஃபிட்ஸ்கிப்பனின் சின்னக் குழு, டிக்யூ என்பவரின் கல்வீட்டைத் தளமாக வைத்துக்கொண்டு, அமெரிக்கரின் ரோந்துகளைத் தொல்லைப்படுத்திக்கொண்டிருந்தது. அந்தத் தொல்லையை முடிக்கத்தான் லெப்டினன்ட் கேணல் சார்ல்ஸ் போர்ஸ்ட்லரை அனுப்பினார்கள். கிட்டத்தட்ட 570 பேர், இரண்டு பீரங்கி, பின்னால் வண்டிகள். 23ஆம் தேதி கோட்டையை விட்டுக் கிளம்பி, இரவு குயின்ஸ்டனில் தங்கி, 24ஆம் தேதி காலை மலைமுகட்டில் ஏறி மேற்கே நடந்தார்கள்.

பீவர் டாம்ஸ் என்ற இடத்தில் அந்தப் பாதையின் இரு பக்கமும் பீச் மரக்காடு. காட்டுக்குள் பிரிட்டன் பக்கம் நின்றவர்கள் சுமார் 300 பேர். மொன்றியலுக்குப் பக்கத்தில் உள்ள கானவாகே, கானசதாகே, அதற்கு மேற்கே அக்வெசாஸ்னே ஆகிய ஊர்களிலிருந்து வந்த மோஹாக் என்ற பழங்குடி மக்களே அதில் பெரும்பாலானோர். தங்கள் ஊரிலிருந்து பல நூறு கிலோமீட்டர் வந்திருந்தார்கள். அவர்களை நடத்தி வந்தவர் டொமினிக் டுஷார்ம். மொன்றியல் பக்கத்து லஷீனில் பிறந்த பிரெஞ்சுக் கனடியர், மென்மயிர்த் தோல் வியாபாரத்தில் காடுகளில் காலம் கழித்தவர், பழங்குடி மொழிகள் பேசத் தெரிந்தவர். கிராண்ட் நதிக்கரையிலிருந்து ஆறு தேசத்தவர் (மோஹாக் உட்பட ஆறு பழங்குடி இனங்களின் கூட்டமைப்பு) இன்னும் 100 பேர் வில்லியம் கெர் தலைமையில் வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய சாரணர்கள் காலையிலேயே அமெரிக்கரைக் கண்டுவிட்டார்கள். வரிசை முழுவதும் காட்டுக்குள் நுழையும்வரை விட்டு, பின்னாலிருந்து அடித்தார்கள். மூன்று மணி நேரம். மரத்துக்குப் பின்னால் நிற்பவரைப் பீரங்கியால் என்ன செய்ய முடியும்? போர்ஸ்ட்லருக்கும் காயம். களைத்து, தோட்டா குறைந்து, எந்தப் பக்கம் எத்தனை பேர் என்று தெரியாமல் அமெரிக்கர் ஒரு வெளியில் ஒடுங்கி நின்றார்கள்.

ஃபிட்ஸ்கிப்பனின் 50 பேர் அப்போதுதான் வந்து, அமெரிக்கர் பின்வாங்கும் பாதையை மறித்து நின்றார்கள். ஒரு குண்டும் சுடவில்லை. இதை நான் ஊகித்துச் சொல்லவில்லை. ஐந்து வருடம் கழித்து, 1818இல், ஃபிட்ஸ்கிப்பனே கெர்ருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. நம் பக்கத்தில் சுட்டவர்கள் அந்தப் பழங்குடி வீரர்கள் மட்டுமே, அமெரிக்கரைக் கதிகலங்க வைத்தது அவர்கள், சரியான நேரம் பார்த்துச் சரணடையச் சொன்னது மட்டும்தான் என் பங்கு என்று தெளிவாக எழுதியிருக்கிறார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது அந்தக் கடிதத்தை வாசித்தபோதுதான். மகளின் கணக்குக்கும் அதில் விடை இருந்தது. 50 பேர் 500 பேரைப் பிடிக்கவில்லை. 400 பேர் மூன்று மணி நேரம் சண்டை பிடித்து முடித்த இடத்துக்கு 50 பேர் வந்தார்கள்.

கடதாசி

நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது சண்டைக்குள் இல்லை. சண்டை ஓய்ந்த அந்த அரை மணியில்தான். வெள்ளைத்துணியோடு ஒருவர் நடந்து போகவேண்டும். எதிரே நிற்பவர்களிடம் பேசவேண்டும். எதிரே நிற்பவர்கள் பேசுவது ஆங்கிலம். டுஷார்முக்கு ஆங்கிலம் தெரியாது. பிரெஞ்சு தெரியும், தன்னோடு வந்தவர்களின் மொழி தெரியும், அன்று காலை முழுக்கக் காட்டுக்குள் அவர் பேசியது அந்த மொழிகளைத்தான். பேச்சுவார்த்தைக்கு அவை உதவவில்லை. ஆகவே ஃபிட்ஸ்கிப்பன் போனார்.

போய் என்ன சொன்னார்? பெரிய படை வந்திருக்கிறது என்று பொய் சொன்னார். அதோடு, சரணடையாவிட்டால் இந்தப் பழங்குடி வீரர்களை என்னால் கட்டுப்படுத்த முடியாது, நடப்பதற்கு நான் பொறுப்பில்லை என்றார். அமெரிக்கருக்கு அந்த நாளில் இருந்த பெரிய பயமே அதுதான். பயம் வேலை செய்தது. ஒரு மொழிபெயர்ப்பாளனாக இந்த இடத்தில் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. காலையிலிருந்து காத்திருந்து, கண்டு, சூழ்ந்து, தங்களில் பலரை இழந்து நின்ற 400 பேர், அந்தப் பேச்சுக்குள் போனதும் கட்டவிழ்ந்த மிருகக் கூட்டமாகிவிட்டார்கள். அவர்களுடைய திறமை அந்த வாக்கியத்தில் இல்லை, பயங்கரம் மட்டும் இருந்தது. அவர்களோ பக்கத்தில்தான் நிற்கிறார்கள். தங்களைப் பற்றி என்ன சொல்லப்படுகிறது என்று அவர்களில் எத்தனை பேருக்கு விளங்கியிருக்கும்?

அப்புறம் கடதாசி. சரணடையும் நிபந்தனைகளை எழுதினார்கள். அதற்குள் மேஜர் டி ஹாரன் என்ற மேலதிகாரி துணைப்படையோடு வந்து சேர்ந்துவிட்டார். ஒப்பந்தம் செய்துகொண்டவர்களாக அதன் தலைப்பில் இருப்பவர்கள் இரண்டு பேர்: அமெரிக்கத் தரப்புக்காகக் கப்டன் மக்டவல், பிரிட்டிஷ் தரப்புக்காக மேஜர் டி ஹாரன். எல்லாருக்கும் கடைசியாக வந்தவருடைய பெயர். டுஷார்ம் இல்லை. கெர் இல்லை. பேசி முடித்த ஃபிட்ஸ்கிப்பனும் இல்லை. அமெரிக்க அதிகாரிகள் தங்கள் ஆயுதங்களையும் குதிரைகளையும் பொதிகளையும் வைத்துக்கொள்ளலாம் என்று நிபந்தனை. சண்டையில் வென்றவர்களுக்கு உரியது என்று அந்த வீரர்கள் எண்ணியிருக்கக்கூடிய பொருட்களை, சண்டையில் இல்லாத ஒருவர் எதிரிக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

ஜோன் நோர்ட்டன் என்று ஒருவர், தகப்பன் வழியில் செரோக்கி, தாய் வழியில் ஸ்கொட்லாந்து, மோஹாக் மக்கள் தத்தெடுத்துத் தெயோனின்ஹோகராவென் என்று பெயர் வைத்தவர். சண்டையைச் செய்தது கானவாகே ஆட்கள், கொள்ளைப் பொருள் (கிராண்ட் நதி) மோஹாக் ஆட்களுக்கு, பேர் ஃபிட்ஸ்கிப்பனுக்கு என்று அவர் சொன்னதாக இன்றுவரை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். ஃபிட்ஸ்கிப்பனுக்குப் பதவி உயர்வும் வந்தது. டுஷார்ம் 13 வருடம் பொறுத்திருந்து, 1826இல் அன்று நடந்ததைத் தன் பக்கத்திலிருந்து ஒரு கடிதமாக எழுதினார். அதற்குள் கதை இறுகிவிட்டது.

லோராவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். அவரும் எளிதில் பேர் வாங்கவில்லை. கணவர் முந்தைய வருடம் குயின்ஸ்டன் மலைச் சண்டையில் காயப்பட்டுக் கிடந்ததால்தான் அவர் நடந்தார். ஃபிட்ஸ்கிப்பன் அப்போது எழுதிய அறிக்கையில் அவர் பெயர் இல்லை. பிறகு 1820, 1827, 1837 என்று மூன்று முறை, அந்தப் பெண் வந்து சொன்னது உண்மை என்று ஃபிட்ஸ்கிப்பன் சான்றிதழ் எழுதிக் கொடுத்தார். அரசாங்கம் அசையவில்லை. 1860இல் வேல்ஸ் இளவரசர் வந்தபோது விஷயம் கேள்விப்பட்டு 100 பவுண் அனுப்பினார். அப்போது லோராவுக்கு 85 வயது. அவர் பசுவை ஓட்டிக்கொண்டு போனார் என்பது பிறகு ஒருவர் கட்டிச் சேர்த்த கதை. எனக்குப் பிடித்தது வேறு. முதுமையில் தன் நடையைப் பற்றி அவரே சொன்னதில், இரவு நிலவு வெளிச்சத்தில் பழங்குடி வீரர்களின் முகாமுக்குள் போய் மாட்டிக்கொண்டதைச் சொல்கிறார். பயந்துபோய் நிற்கிறார். ஒரு தலைவரிடம் போய், ஃபிட்ஸ்கிப்பனுக்கு முக்கியமான செய்தி இருக்கிறது, என்னை விடாவிட்டால் நீங்கள் எல்லோரும் பிடிபடுவீர்கள் என்று எப்படியோ விளங்க வைக்கிறார். அந்தத் தலைவர் முதலில் மறுத்து, பிறகு சம்மதிக்கிறார். ஒரு பெண்ணின் பதற்றத்தைப் படித்து, இவள் சொல்வது உண்மை என்று அந்த இரவில் முடிவெடுத்தவர் அவர். நல்ல மொழிபெயர்ப்பு என்றால் எனக்கு அதுதான். மகளின் புத்தகத்தில் அவர் இல்லை.

அடுப்பு லைன்

இவ்வளவு நாள் இது ஏன் என்னைத் தின்றது என்று எனக்குத் தெரியும். 1991 பனிக்காலத்தில் நான் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். வயது 20. எங்கள் லைனில் நாங்கள் எல்லோரும் மாமா என்று கூப்பிடும் ஒருவர் இருந்தார். ஊரில் அரைக்கிற மில் வைத்து நடத்தியவர். இங்கே பெட்டி மடிக்கும் வேலை. ஓரிரவு மூன்று மணி இருக்கும், மாமா மடித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே போட்டுவிட்டு மூக்கை நிமிர்த்தினார். எனக்கு ஒரு மணமும் வரவில்லை, சீனியும் வெண்ணெயும் வேகும் வழக்கமான வாசம்தான். அவர் நேரே அடுப்புக்குப் பின்பக்கம் நடந்து, சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தார். லைன் நின்றது. குனிந்து பார்த்தால் கீழே பட்டி கருகிப் புகை நூல்போல எழுந்துகொண்டிருந்தது. ஒரு எட்டு தள்ளி, மடித்து அடுக்கிய அட்டைப்பெட்டி ஆயிரக்கணக்கில்.

சூப்பர்வைசர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். மாமா தமிழில் விளக்கினார், நான் என் அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். பார்த்ததும் அவர் முகம் மாறியது. பிறகு அலுவலக அறையில் ஒரு படிவத்தை என் முன்னால் வைத்து நிரப்பச் சொன்னார். காரணம் என்ன என்ற கட்டத்தில் "மோட்டார் கோளாறு" என்று எழுதினேன். கண்டுபிடித்தவர் யார் என்ற கட்டம் வந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். "ஷிஃப்ட் சூப்பர்வைசர்" என்று எழுது என்றார். எழுதினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாமா மறுபடி பெட்டி மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் சாப்பாட்டு அறைச் சுவரில் சூப்பர்வைசரின் படத்தோடு பாராட்டுக் கடிதம் ஒட்டியிருந்தது. மாமா அதற்குக் கீழே இருந்துதான் தினமும் சோற்றுப்பெட்டியைத் திறந்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். ஏதோ கொம்பனி விஷயம் என்றேன்.

அதற்கு ஒரு வருடம் முன்னால், 1990 ஆவணியில், நான் இந்த நாட்டில் வந்திறங்கி, ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் அறையில் ஆறு பேரோடு இருந்தேன். தொலைக்காட்சியில் முள்கம்பிச் சுருளும் கவச வாகனங்களும் முகத்தை மூடிய ஆட்களும். நேரெதிரே ராணுவம். கொஞ்சநாள் முன்னால்தான் ராணுவத்துக்குப் பயந்து ஊரைவிட்டு வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. என்ன நடக்கிறது என்று கேட்டேன். "காணிப் பிரச்சினை" என்றார் அறையில் மூத்தவர், அவ்வளவுதான் அவருக்கும் விளங்கியிருந்தது. அது மொன்றியல் பக்கத்து ஓகா. கொல்ஃப் மைதானத்தைப் பெரிதாக்க ஒரு பைன்மரக் காட்டையும் முன்னோரின் இடுகாட்டையும் எடுக்கப் பார்த்ததால் தொடங்கி, 78 நாள் நீடித்த எதிர்ப்பு. எழுந்து நின்றவர்கள் கானசதாகே மக்கள். அவர்களுக்குத் துணையாகப் பாலத்தை மறித்தவர்கள் கானவாகே மக்கள். இந்த இரண்டு ஊர்ப் பெயரையும் 1813ஆம் ஆண்டுப் பட்டியலில் மறுபடி பார்த்தபோது வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். போரை முடித்துவைக்க 1814 மார்கழி 24ஆம் தேதி கென்ட் (இன்றைய பெல்ஜியம்) நகரில் எழுதிய உடன்படிக்கையின் ஒன்பதாம் பிரிவு, பழங்குடி மக்களுக்குப் போருக்கு முன் இருந்த உடைமைகளும் உரிமைகளும் திருப்பித் தரப்படவேண்டும் என்கிறது. அமெரிக்கா அதை நிறைவேற்றவில்லை, பிரிட்டன் வற்புறுத்தவும் இல்லை. எல்லையின் இந்தப் பக்கத்திலும் காணி கரைந்துகொண்டேதான் போனது. கிராண்ட் நதியின் இரு கரையிலும் ஆறு ஆறு மைல் என்று 1784இல் ஆறு தேசத்தவருக்குக் கொடுத்த நிலத்தில் இன்று அவர்கள் கையில் இருப்பது நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை.

தொரல்ட்

சித்திரை கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். தொரல்ட் சின்ன நகரம், பக்கத்தில் வெலண்ட் கால்வாய், வீடுகளுக்குப் பின்னால் கப்பல் போவது தெரியும். சண்டை நடந்த காட்டைத் தேடிப்போனால் காடு இல்லை. நகரப் பூங்காவில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது, கால்வாய் வெட்டியபோது அகப்பட்ட அமெரிக்க வீரர்களின் எலும்புகளுக்காக எழுப்பியது. டிக்யூவின் கல்வீடு போன நூற்றாண்டில் எரிந்துபோய், இன்று சுவரின் அடிப்பகுதி மட்டும் நிற்கிறது. உள்ளே புல். லோரா வந்து சேர்ந்த வாசல் இதுவாக இருக்கும் என்று மகள் ஒரு இடைவெளியில் நின்று படமெடுக்கச் சொன்னாள்.

அந்தச் சுவர்களுக்குப் பக்கத்திலேயே 2017இல் பழங்குடி மக்களுக்கான சமாதான நினைவிடம் ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். வடிவமைத்தவர் டக்ளஸ் கார்டினல். நூறு வருடம் முந்தியது சொக்லேட். மகள் அந்தக் கற்சுவரைக் கையால் தடவிக்கொண்டே சுற்றி வந்தாள். "அப்பா, டுஷார்ம் பிரெஞ்சுக்காரர். அவருக்காவது கடிதம் எழுதத் தெரியும். மற்றவை?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளுடைய பிரிஸ்டல் அட்டையில் "உதவியோடும்" என்ற சொல் இருந்த இடத்தில் இப்போது வேறு வாக்கியம் இருக்கிறது. ஃபிட்ஸ்கிப்பனின் 1818ஆம் ஆண்டுக் கடிதத்தை அவளே பென்சிலால் சிறிதாக எழுதி ஒட்டியிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து மாமாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். இப்போது வயது 86, மார்க்கம் நகரில் மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம், குரல் அதேதான். அந்த இரவைப் பற்றிச் சொன்னேன். சுவரில் இருந்த கடிதத்தில் என்ன எழுதியிருந்தது என்று சொன்னேன். படிவத்தை நிரப்பியது நான்தான், சூப்பர்வைசர் பேரை எழுதியது என் கை என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"காரணம் எண்டு என்ன போட்டனீ?"

"மோட்டார் பழுது எண்டு போட்டன், மாமா."

"மோட்டரில ஒரு பிழையும் இல்லையடா தம்பி. பெயரிங் இறுகினது. கிரீஸ் வைக்காம விட்டிட்டாங்கள். நான் உனக்கு அப்பவே சொன்னனான்."

சொன்னார்தான். பெயரிங் இறுகினதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று எனக்கு அன்று தெரிந்திருக்கவில்லை.